அப்பாவி வேறு, நிரபராதி வேறு: வான்செட்டி வழக்கு, ஓர் எளிய விளக்கம்

1920இல் கைதாகி 1927இல் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட பார்டலோமியோ வான்செட்டியைப் பற்றிப் பேச்சு எழும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு வாக்கியம் வந்து விழும். "பாவம், ஓர் அப்பாவி மீன்காரரைக் கொன்றுவிட்டார்கள்" என்பது ஒன்று. "அவர் குண்டு வைக்கிற கும்பல்தானே" என்பது மற்றது. சொல்பவர்கள் எதிரெதிர் அணியில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இருவருமே ஒரே கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்: 1920 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சவுத் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் நடந்த இரட்டைக் கொலைக்கு இவரைக் குற்றவாளி என்று தீர்க்க, நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகள் போதுமா?

இதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவி என்றால் சூதுவாது அறியாதவர். அது குணத்தைப் பற்றிய சொல். நிரபராதி என்றால் குறிப்பிட்ட ஒரு குற்றத்தைச் செய்யாதவர். அது செயலைப் பற்றியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர் என்றால் விசாரணை ஒழுங்காக நடக்காமலே குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர். அது முறையைப் பற்றியது.

கோவலன் வழக்கில் இந்தப் பிரிவினைக்குத் தேவையே இல்லை. கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, அரசியின் சிலம்பில் முத்து, கணக்கு முடிந்தது. வான்செட்டி வழக்கில் அப்படி உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்தும் வாதம் ஓயாததற்குக் காரணம் அதுதான். ஆனால் முறை தவறியது என்று காட்டுவதற்குச் சிலம்பு தேவையில்லை. விசாரணைக் குறிப்புகளே போதும்.

### அராஜகவாதம் என்பது எது?

தமிழில் 'அராஜகம்' என்றால் ரவுடித்தனம், சட்டம் ஒழுங்கு கெட்ட நிலை. அந்தப் பொருளை இங்கே ஓரமாக வைத்துவிட வேண்டும். அராஜகவாதம் ஓர் அரசியல் கொள்கை: அரசு, முதலாளி, திருச்சபை என்று மேலிருந்து ஆளும் அமைப்பு எதுவும் வேண்டாம், மனிதர்கள் தாமாகக் கூடி, ஒத்துழைத்து வாழ முடியும் என்பது அதன் சாரம். மழைக்கு முன் ஊரே கூடிக் கண்மாயைத் தூர்வாருவதை நினைத்துப் பாருங்கள். உத்தரவு போட அதிகாரி இல்லை, வேலை நடக்கிறது. எல்லா வேலையையும் அப்படியே நடத்தலாம் என்று நம்புபவர் அராஜகவாதி.

இதில் பல கிளைகள் உண்டு. வான்செட்டி சேர்ந்திருந்தது சாதுவான கிளை அல்ல. லூயிஜி கல்லியானி என்ற இத்தாலியப் பேச்சாளரைப் பின்பற்றிய குழு அது. அரசின் வன்முறைக்கு வன்முறையால் பதில் சொல்லலாம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார்; வெடிகுண்டு செய்முறைக் கையேடு ஒன்றையும் அவருடைய வட்டம் வெளியிட்டது. 1919 ஜூன் 2 இரவு பல நகரங்களில் குண்டுகள் வெடித்தன. அதில் ஒன்று மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரி மிட்செல் பால்மரின் வீட்டு வாசலில் வெடித்தது. கொண்டுவந்தவரே அதில் சிதறிப்போனார். அவர் கல்லியானியின் ஆள்.

ஆகவே 'அப்பாவி' என்ற சொல்லை இப்போதே கீழே வைத்துவிடலாம். வான்செட்டிக்கு இந்த வட்டத்தின் உள்விவகாரம் தெரிந்திருக்கும் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம் அதுவல்ல. கூலிப்பணம் கொள்ளையடிக்க இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றது.

### மீன் வண்டிவரை

வான்செட்டி பிறந்தது 1888 ஜூன் 11, வடக்கு இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் வில்லாஃபல்லெத்தோ என்ற ஊர். படிப்பில் கெட்டிக்காரப் பையன். ஆனால் 13 வயதில் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி கூனியோ நகரத்து பேக்கரியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அடுப்படியிலேயே ஆறு வருடம். நுரையீரல் உறை அழற்சியால் படுத்தபோது அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாளில் அம்மா புற்றுநோயில் விழுந்தார். கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மகன்தான். அம்மா இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் 1908இல், 20 வயதில், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

நியூயார்க்கில் பணக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. ஒரு நாள் 12 மணி நேரம், மறுநாள் 14 மணி நேரம், வாரக் கூலி 5, 6 டாலர் என்று பின்னாளில் சிறையிலிருந்து எழுதினார். பிறகு செங்கல் சூளை, கல்குவாரி, ரயில் பாதை. அலைந்து திரிந்து மாசசூசெட்ஸின் பிளைமவுத் ஊரில் ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு தங்கினார். அங்கிருந்த கயிறு ஆலையில் 1916இல் வேலைநிறுத்தம் நடந்தபோது முன்னணியில் நின்றார். அதன்பின் அந்த ஆலையில் அவருக்கு வேலை இல்லை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படைக்கு ஆள் பதிவு நடந்தபோது கல்லியானி குழுவைச் சேர்ந்த சிலர் பதிவு செய்யாமல் மெக்சிகோவுக்குப் போய்விட்டார்கள். வான்செட்டியும், செருப்புத் தொழிற்சாலையில் தோல் விளிம்பு சீவும் தொழிலாளியான நிக்கோலா சாக்கோவும் அதில் இருந்தார்கள். நெருங்கிய நட்பு அங்கேதான் தொடங்கியது. சில மாதங்களில் திரும்பிய வான்செட்டி, பிறகு ஒரு தள்ளுவண்டி வாங்கி பிளைமவுத் இத்தாலியர் தெருக்களில் மீன் விற்றார்.

இந்த மீன் வண்டியை மறக்க வேண்டாம். அவருடைய அரசியலுக்கு அடுத்தபடியாக அவரை மாட்டிவிட்டது அதுதான்.

### இரண்டு குற்றங்கள், ஒரு நேர அட்டை

முதல் குற்றம் 1919 டிசம்பர் 24 காலை, பிரிட்ஜ்வாட்டரில். செருப்புத் தொழிற்சாலையின் கூலிப்பண வண்டியை வழிமறித்துச் சுட்டார்கள். பணம் போகவில்லை, யாரும் சாகவில்லை. இரண்டாவது 1920 ஏப்ரல் 15 பிற்பகல் 3 மணியளவில் சவுத் பிரெய்ன்ட்ரீயில். ஸ்லேட்டர் அண்ட் மாரில் செருப்பு நிறுவனத்தின் கூலிப்பணம் 15,776 டாலர் 51 சென்ட். பணப் பெட்டிகளோடு நடந்துவந்த சம்பள அலுவலர் ஃபிரெடரிக் பார்மென்டரையும் காவலர் அலெசாந்த்ரோ பெரார்டெல்லியையும் சுட்டுவிட்டு, ஐந்து பேர் காரில் தப்பினார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் காவல்துறைத் தலைவர் மைக்கேல் ஸ்டூவர்ட்டுக்கு, இது அராஜகவாதிகளின் வேலை என்று ஓர் ஊகம். அவர் சந்தேகப்பட்ட போடா என்ற இத்தாலியரின் பழைய கார் ஒரு கராஜில் பழுதுக்கு நின்றது. யார் எடுக்க வந்தாலும் தகவல் சொல்லும்படி ஏற்பாடு. மே 5 இரவு நான்கு பேர் வந்தார்கள்: போடா, ஓர்சியானி, சாக்கோ, வான்செட்டி. கராஜ்காரரின் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய் போலீசுக்கு போன் செய்தார். காரில் அந்த ஆண்டுக்கான எண்பலகை இல்லை என்று கராஜ்காரர் சொல்ல, நால்வரும் திரும்பினார்கள். டிராமில் போன சாக்கோவும் வான்செட்டியும் பிராக்டனில் பிடிபட்டார்கள். இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. வான்செட்டியின் சட்டைப்பையில் வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களும் இருந்தன. அதுவரை இந்தக் கொள்ளைகளில் இருவர் பேரிலும் சந்தேகம் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஓர்சியானியும் பிடிபட்டார். இரண்டு நாட்களும் அவர் ஆலையில் வேலை செய்ததை நேர அட்டை காட்டியது, விட்டுவிட்டார்கள். சாக்கோ டிசம்பர் 24 அன்று வேலையில் இருந்தார், ஏப்ரல் 15 அன்று விடுப்பு. ஆகவே இரண்டாவது குற்றம் மட்டும் அவர்மேல். வான்செட்டி சொந்தமாக மீன் விற்பவர். மீன்காரருக்கு ஏது நேர அட்டை? இரண்டு குற்றமும் அவர் தலையில்.

குற்றம் நடந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று காட்டும் வாதத்துக்கு அலிபி என்று பெயர். மாதச் சம்பளக்காரருக்கு அலிபியைக் காகிதம் கொடுக்கும். தள்ளுவண்டிக்காரருக்கு அவரிடம் வாங்கித் தின்றவர்கள்தான் அலிபி. டிசம்பர் 24க்கு வான்செட்டி கொண்டுவந்தது அதைத்தான். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் இத்தாலியர் இறைச்சி தவிர்த்து மீன் சமைப்பார்கள். விலாங்கு மீன் முக்கியம். அன்று காலை தங்கள் வீட்டுக்கு அவர் விலாங்கு கொண்டுவந்ததாகப் பிளைமவுத் குடும்பங்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். கூடவே நடந்து விநியோகித்த 13 வயதுப் பையனும் சொன்னான். எல்லாரும் இத்தாலியர், பலர் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசியவர்கள். பையனிடம் அரசு வழக்கறிஞர் ஃபிரெடரிக் காட்ஸ்மன், இந்தக் கதையை எத்தனை தடவை மனப்பாடம் செய்தாய் என்ற பாங்கில் கேட்டார்.

எதிர்ப்பக்கச் சாட்சிகளில் செய்தித்தாள் விற்கும் ஒரு சிறுவன் இருந்தான். சுட்டவர் வெளிநாட்டுக்காரர் என்று எப்படித் தெரிந்தது? அவர் ஓடிய விதத்திலேயே தெரிந்துவிட்டதாம். சம்பவம் நடந்த கையோடு துப்பறிவாளர்கள் எழுதிய குறிப்பில் சுட்டவருக்கு 'ஒட்ட நறுக்கிய மீசை'. வான்செட்டியின் மீசையோ இரு பக்கமும் தொங்கும் அடர்மீசை. நறுக்கிய மீசை நீதிமன்றத்துக்கு வருவதற்குள் வளர்ந்துவிட்டது.

1920 ஜூலை 1, குற்றவாளி என்று தீர்ப்பு. 12 முதல் 15 ஆண்டு சிறை. நீதிபதி வெப்ஸ்டர் தேயர். 1927இல், தண்டனை நாள் நெருங்கிய நேரத்தில், வழக்கறிஞர்கள் ஒரு மொத்த மீன் வியாபாரியின் பழைய பெட்டியில் தேடி, 1919 டிசம்பரில் வான்செட்டிக்கு ஒரு பீப்பாய் விலாங்கு அனுப்பிய ரசீதைக் கண்டெடுத்தார்கள். காகிதம் ஏழு வருடம் தாமதமாக வந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வான்செட்டியைப் பிடிக்கக் காரணம் குற்றத்தடயம் அல்ல, ஒரு நண்பரின் கார். இரண்டு குற்றத்திலும் அவரை நிறுத்தக் காரணம், வேலை நேரத்தைக் காட்டும் காகிதம் இல்லாதது. பெரிய வழக்குக்கு முன் சின்ன வழக்கை நடத்தியதால், கொலை விசாரணைக்கு அவர் ஏற்கெனவே தண்டனை பெற்ற கைதியாக வந்து நின்றார்.

### பொய் சொன்னால் குற்றவாளியா?

கொலை விசாரணை 1921 மே 31 தொடங்கி ஜூலை 14வரை டெடம் நீதிமன்றத்தில் நடந்தது. அதே நீதிபதி, அதே அரசு வழக்கறிஞர். தீர்ப்புச் சொல்ல 12 பேர் கொண்ட ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு. அந்த மாநில வழக்கப்படி இருவரும் உலோகக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

அரசுத் தரப்பின் பலமான வாதமாக நீதிபதியே பிற்பாடு சுட்டியது கண்சாட்சியை அல்ல, துப்பாக்கிக் குண்டையும் அல்ல. 'குற்ற உணர்வு நடத்தை' என்ற ஒன்றை. குற்றம் செய்தவன்போல ஒருவர் நடந்துகொண்டால், அதையே குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பெயர். கைதான இரவில் இருவரும் பொய் சொன்னது உண்மை. போடாவைத் தெரியாது என்றார்கள், எங்கே போனோம் என்பதை மாற்றிச் சொன்னார்கள், துப்பாக்கி வாங்கிய இடத்தையும் மாற்றிச் சொன்னார்கள்.

ஒரு ஹாஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாருடைய மொபைலோ காணாமல் போகிறது. அதே ராத்திரி ஒரு பையன் சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறான். காலையில் வார்டன், மொபைலைப் பற்றி மூச்சுவிடாமல், "நேத்து எங்கடா போன?" என்கிறார். "ரூம்லதான் சார் இருந்தேன்." குரல் நடுங்குகிறது. பொய்தான், பயமும் நிஜம்தான். ஆனால் அந்தப் பொய் மறைப்பது சினிமாவை, மொபைலை அல்ல.

மே 5 இரவு ஸ்டூவர்ட் கேட்ட கேள்விகள் இப்படித்தான் இருந்தன. நீ அராஜகவாதியா, கம்யூனிஸ்டா, அரசாங்கத்தைப் பிடிக்குமா? கொள்ளை பற்றியோ கொலை பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பயத்துக்குக் காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பால்மர் ஆட்கள் ஆயிரக்கணக்கான குடியேறிகளைப் பிடித்து, நூற்றுக்கணக்கானவர்களை நாடுகடத்திக்கொண்டிருந்த காலம். இவர்களின் தோழர் ஆந்திரேயா சல்செதோ, நியூயார்க்கில் மத்தியப் புலனாய்வாளர்கள் பிடித்து வைத்திருந்த அலுவலகத்தின் 14ஆவது மாடியிலிருந்து விழுந்து செத்தது மே 3ஆம் தேதி. கைதுக்கு இரண்டு நாள் முன்பு. சல்செதோவின் நிலை அறிய ஏப்ரல் கடைசியில் வான்செட்டியே நியூயார்க் போய்வந்திருந்தார். வீடுகளில் இருக்கும் துண்டறிக்கைகளை அப்புறப்படுத்தக் கார் தேவைப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். துண்டறிக்கை மட்டுமல்ல, வெடிமருந்தும் இருந்திருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் பையன் மறைத்தது சினிமாதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், நான் அராஜகவாதி என்று ஜூரியின் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதும் காட்ஸ்மனுக்குக் கதவு திறந்தது. குறுக்கு விசாரணையில் வான்செட்டியிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, 1917 மேயில் படைப்பதிவிலிருந்து தப்பத்தானே பிளைமவுத்தை விட்டுப் போனாய் என்பது. சாக்கோவிடம், அந்த மாதத்தில் இந்த நாட்டை நேசித்தாயா என்று கேட்டார். போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகாத ஊரில் 12 ஜூரர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூரிக்கு நீதிபதி ஆற்றிய உரையும் அவர்களின் கடமையைப் போர்வீரனின் விசுவாசத்தோடு ஒப்பிட்டுத்தான் தொடங்கியது.

### கண்ணால் கண்டதும்

கண்சாட்சியை நம்பலாமா என்பதைவிட, அந்தச் சாட்சியிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதே முக்கியம். ஒரே மாதிரி தோற்றமுள்ள ஐந்தாறு பேரை வரிசையில் நிறுத்தி "இவர்களில் யாராவது உண்டா?" என்று கேட்பது அடையாள அணிவகுப்பு. ஒரே ஆளைக் காட்டி "இவனா?" என்றால் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சாக்கோவையும் வான்செட்டியையும் அணிவகுப்பில் நிறுத்தவில்லை. தனியாகக் காட்டினார்கள்; சுடுபவன்போலக் குனிந்து நிற்கவும் சொன்னார்கள்.

சாக்கோவை அடையாளம் காட்டிய பெண் கணக்கர் ஒருவர், மாடி ஜன்னலிலிருந்து, ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்தில், ஓடும் காரில் இருந்தவரை மூன்று விநாடி பார்த்தவர். முதல்கட்ட விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு வருடம் கழித்து, புருவத்திலிருந்து கையின் அளவுவரை விவரித்தார்.

வான்செட்டிக்கு எதிரான கண்சாட்சிகள் நால்வர். மூவர் அவரைக் காலை ரயிலிலும், காலையில் ஊருக்குள் காரிலும், தப்பியோடும் வழியில் வேறோர் ஊரிலும் பார்த்ததாகச் சொன்னவர்கள். சம்பவ இடத்திலேயே பார்த்ததாகச் சொன்னவர் ரயில்வே கேட் காவலர் ஒருவர் மட்டும்: கொலையாளிகளின் காரை ஓட்டியது வான்செட்டிதான் என்றார். வான்செட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் வெளிறிய, செம்பட்டை முடிக்காரர் என்று மற்றச் சாட்சிகள் சொன்னார்கள். கடைசியில் காட்ஸ்மனே ஜூரியிடம், கேட் காவலர் தவறாகச் சொல்லியிருக்கலாம், வான்செட்டி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருப்பார் என்றார். தன் சாட்சி சொன்னது தவறு, ஆனால் முகம் மட்டும் சரி! அவர் சுட்டதாக அரசுத் தரப்பே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### எட்டாம் எண் செருப்பு

துப்பாக்கி ஆய்வு கடினமான துறைபோலத் தோன்றும், அடிப்படை எளிது. ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம். எட்டாம் எண் ரப்பர் செருப்பு என்று தெரிகிறது. எட்டாம் எண் செருப்பு எத்தனையோ பேரிடம் இருக்கும். இது வகை அடையாளம். ஆனால் தடத்தின் குதிகால் பக்கம் சாய்வாக ஒரு வெட்டு இருந்து, உங்கள் செருப்பிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருந்தால், அது தனி அடையாளம்.

துப்பாக்கிக் குழாயின் உள்ளே சுருள் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு சுழன்று நேராகப் போவதற்காக அவற்றை வெட்டுகிறார்கள். எத்தனை பள்ளம், இடப்பக்கச் சுருளா வலப்பக்கச் சுருளா என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அது வகை அடையாளம். குழாயின் நுண்ணிய கீறல்கள் தனி அடையாளம்.

இறந்தவர்களின் உடல்களில் இருந்து எடுத்தவை ஆறு குண்டுகள். ஐந்தில் வலச்சுருள், அந்தத் துப்பாக்கி கிடைக்கவே இல்லை. ஒன்றில் மட்டும், பெரார்டெல்லியின் உடலில் இருந்த மூன்றாம் எண் குண்டில், இடச்சுருள். சாக்கோவிடம் இருந்த .32 கோல்ட் கைத்துப்பாக்கியும் இடச்சுருள் வகை (.32 என்பது குண்டின் தடிமனைக் குறிக்கும் எண்). மாநிலக் காவல்துறை கேப்டன் வில்லியம் புராக்டர் சாட்சிக் கூண்டில், அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததோடு 'ஒத்துப்போகிறது' என்றார். ஜூரி கேட்டது 'அந்தத் துப்பாக்கியில்தான் சுடப்பட்டது' என்று. 1923இல் அவரே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்: இந்தத் துப்பாக்கியில்தான் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்ததா என்று கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன், அது அரசு வழக்கறிஞருக்கும் தெரியும், அதனால்தான் கேள்வியை அப்படி அமைத்தார்கள். எட்டாம் எண் என்பதை 'உன் செருப்பு' என்று கேட்க வைத்த வேலை இது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. 1927இலும், பின்னர் 1961, 1983 ஆண்டுகளிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள், மூன்றாம் எண் குண்டு சாக்கோவின் துப்பாக்கியில் சுடப்பட்டதாகவே காட்டின. குண்டை இடையில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது மறுதரப்பின் வாதம். எப்படிப் பார்த்தாலும் அது சாக்கோவைப் பற்றிய சான்று. வான்செட்டியிடம் இருந்தது .38 ரிவால்வர், எந்த உடலிலும் .38 குண்டு இல்லை. அந்த ரிவால்வர் பெரார்டெல்லியிடமிருந்து பறித்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆனால் பெரார்டெல்லியின் துப்பாக்கி வரிசை எண்ணை யாரும் ஜூரிக்குக் காட்டவில்லை. பழுதுக்குக் கொடுத்திருந்த அதை அவர் திரும்ப வாங்கினாரா என்பதற்கும் பதிவு இல்லை.

இங்கேதான் கூட்டு விசாரணையின் ஆபத்து. இருவரை ஒரே கூண்டில் வைத்து விசாரித்தால், ஒருவருக்கு எதிரான சான்று அடுத்தவர் மேலும் ஒட்டிக்கொள்ளும். மீன்கூடைக்குப் பக்கத்தில் வைத்த பூவுக்கும் மீன் வாசனை வருவதுபோல. வான்செட்டிமீது தனியாக வழக்கு நடந்திருந்தால் மிஞ்சுவது இவைதான்: ஓட்டத் தெரியாதவரைக் கார் ஓட்டவைத்த ஒரு சாட்சி, வேறு நேரத்தில் பார்த்ததாகச் சொன்ன மூவர், எண் தெரியாத ரிவால்வர், கைதான இரவின் பொய்கள். என் மதிப்பில், இதை வைத்து ஒருவர் உயிரை எடுப்பது நியாயமாகாது.

1921 ஜூலை 14 மாலை, சில மணி நேர ஆலோசனைக்குப் பின், இருவரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது.

### அதே வாத்தியாரிடம் மறுமதிப்பீடு

தேர்வுத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புகிறீர்கள். திருத்துபவர் முதலில் மதிப்பெண் போட்ட அதே வாத்தியார். என்ன நடக்கும்? அன்றைய மாசசூசெட்ஸ் சட்டம் அப்படித்தான் இருந்தது. புதிய சான்று கிடைத்தால் 'புதிய விசாரணை கோரும் மனு' போடலாம். அதைத் தீர்மானிப்பவர் விசாரணை நடத்திய அதே நீதிபதி. மாநில உச்ச நீதிமன்றம் சட்டப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும். சான்றுகளை மறுபடி எடைபோடாது.

ஆறு வருடம் மனுமேல் மனுவாகப் போட்டார்கள். புராக்டரின் வாக்குமூலம், சாட்சிகளின் பல்டி, ஜூரித் தலைவர் தன் சட்டைப்பையில் .38 தோட்டாக்களைக் கொண்டுவந்து ஜூரி அறையில் ஒப்பிட்டுப் பார்த்த விவகாரம், எதுவும் பலிக்கவில்லை. தேயர் எல்லாவற்றையும் தள்ளினார். 1924இல் ஒரு பேராசிரியரிடம், அந்த அராஜகவாதிகளை என்ன செய்தேன் பார்த்தாயா என்று வசைச்சொல்லோடு பெருமையடித்துக்கொண்டதும் அவர்தான்.

1925 நவம்பரில் செலெஸ்டினோ மெடெய்ரோஸ் என்ற கைதி, வேறொரு கொலைக்காக அதே டெடம் சிறையில் இருந்தவர், சாக்கோவுக்கு ஒரு சீட்டு அனுப்பினார்: சவுத் பிரெய்ன்ட்ரீ கொள்ளையில் நான் இருந்தேன், சாக்கோவும் வான்செட்டியும் இல்லை. வழக்கறிஞர்கள் துருவியதில் பிராவிடென்ஸ் நகரத்து மொரெல்லி கும்பல் அகப்பட்டது. செருப்புச் சரக்கு திருடுவதில் பேர்போனவர்கள். ஸ்லேட்டர் அண்ட் மாரில் சரக்கையும் திருடியவர்கள். தலைவன் ஜோ மொரெல்லிக்குச் சாக்கோவின் முகச்சாயல். மெடெய்ரோஸ் சொன்ன சில விவரங்கள் நடந்ததோடு பொருந்தவில்லை என்பதும் உண்மை. ஆனால் கேள்வி, மொரெல்லி கும்பல் செய்தது நிரூபணமானதா என்பதல்ல. ஒரு புதிய ஜூரி இதைக் கேட்க வேண்டுமா என்பது. அதையும் 1926 அக்டோபரில் தேயரே தள்ளினார். 1927 ஏப்ரல் 5 அன்று மாநில உச்ச நீதிமன்றம், நீதிபதி தன் அதிகார வரம்புக்குள்தான் செயல்பட்டார் என்று ஒதுங்கிக்கொண்டது.

சுருக்கமாக: மேல்முறையீடு என்ற கதவு இருந்தது, அதன் பின்னால் அறை இல்லை.

### கடைசி நாட்கள்

ஏப்ரல் 9 அன்று மரண தண்டனை அறிவிக்கும் முன் வான்செட்டி பேசினார். சிறையில் படித்துத் தேற்றிய ஆங்கிலம். தீவிரவாதக் கருத்துக்காரன் என்பதால் துன்பப்படுகிறேன், ஆம், நான் அப்படிப்பட்டவன்தான். இத்தாலியன் என்பதால் துன்பப்படுகிறேன், ஆம், இத்தாலியன்தான் என்றார். தன்னை அப்பாவியாகக் காட்டிக்கொள்ள அவரே முயலவில்லை.

ஆளுநர் ஆல்வன் ஃபுல்லர் கருணை மனுவை ஆராய மூவர் குழு அமைத்தார்: ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல், எம்.ஐ.டி. தலைவர் சாமுவேல் ஸ்டிராட்டன், முன்னாள் நீதிபதி ராபர்ட் கிரான்ட். தேயர் வெளியில் பேசியது முறைகேடு, ஆனால் விசாரணை நியாயமானது என்றது குழு. வான்செட்டியைப் பற்றி அவர்கள் எழுதியதைக் கவனியுங்கள்: 'மொத்தத்தில் பார்த்தால்' அவரும் நியாயமான ஐயத்துக்கு அப்பால் குற்றவாளியே. குற்றவியல் வழக்கில் அரசுத் தரப்பு எட்ட வேண்டிய அளவுகோல்தான் 'நியாயமான ஐயத்துக்கு அப்பால்'. அந்த அளவை எட்டியிருந்தால் 'மொத்தத்தில்' என்ற முட்டு எதற்கு?

கடைசி வாரங்களில் மத்திய நீதிமன்றங்களைத் தட்டினார்கள். இது மாநில நீதிமன்றத்தின் வழக்கு, தலையிட எனக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ் மறுத்துவிட்டார். 1927 ஆகஸ்ட் 23, நள்ளிரவு கடந்து, சார்ல்ஸ்டவுன் சிறையில் முதலில் மெடெய்ரோஸ், அடுத்துச் சாக்கோ, கடைசியாக வான்செட்டி. வான்செட்டி வார்டனின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார், தான் நிரபராதி என்றார், தனக்கு இதைச் செய்யும் சிலரை மன்னிப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார்.

### அப்படியானால் அவர் நிரபராதியா?

வான்செட்டி கொலையில் இல்லை, சாக்கோவைப் பற்றி அவ்வளவு உறுதியில்லை என்று நினைக்கும் ஆய்வாளர்கள் பலர். இருவரும் இல்லை என்பவர்களும், இருவரும் இருந்தார்கள் என்பவர்களும் இன்றும் உண்டு. கிடைத்த சான்றுகளில் வான்செட்டிக்கு எதிரானது மிக மெலிந்தது என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

முறை பற்றிய கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 1939இல் மாசசூசெட்ஸ் தன் சட்டத்தை மாற்றியது: மரண தண்டனை வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தோடு சான்றுகளையும் பார்க்கலாம், நீதிக்குத் தேவையானால் புதிய விசாரணைக்கு உத்தரவிடலாம்.

1977இல், தண்டனையின் 50ஆம் ஆண்டில், ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் ஆகஸ்ட் 23ஐ இருவரின் நினைவு நாளாக அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பொதுமன்னிப்பு என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. மன்னிப்பு என்றால் குற்றம் நடந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார்கள். நிரபராதி என்றும் அதில் இல்லை. விசாரணை வெளிநாட்டவர்மீதும் மாற்றுக் கருத்தாளர்மீதும் இருந்த வெறுப்பு படிந்த சூழலில் நடந்தது, ஆகவே அவர்கள் பெயர்மேல் உள்ள களங்கம் நீங்க வேண்டும் என்பதே அதன் சாரம். அறிவிப்பு இரண்டு மொழிகளில் வெளியானது: ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும்.